உடை மாற்ற ஒரு மண்டபம்

"நாலு சுவர், ஒரு கதவு, சட்டையை மாட்ட நாலு ஆணி. இதற்கு எதற்கு ஐயா ஓர் ஆர்க்கிடெக்ட்?"

நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அமெரிக்காவில் ஒரு நீச்சல் குளத்தின் பக்கத்தில் இருந்த பழைய உடை மாற்றும் அறைகளைப் புதுப்பிக்க, கட்டடக் கலை நிபுணர்களைத் தேடிப் பிடித்து அமர்த்தினார்கள் என்று நான் சொன்னதுதான் அவரைச் சீண்டிவிட்டது. சொந்த வீடு கட்டுகிறவர்களே மேஸ்திரியை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். ஈரத் துணியைப் பிழிகிற இடத்துக்கு ஒரு நிபுணரா என்பது அவருடைய ஆட்சேபம்.

நான் வாதம் செய்யவில்லை. அந்த அறைகளின் கதையைச் சொன்னேன். அதில் ஒரு கலைஞனின் வாழ்க்கையும், ஒரு சமூகத்தின் மனக்குறையும், கொஞ்சம் கமிட்டி அரசியலும் கலந்திருக்கின்றன. ஆகையால் வாசகர்களுக்கும் சலிப்புத் தட்டாது என்று நம்புகிறேன்.

நியூஜெர்ஸி மாகாணத்தின் தலைநகரம் டிரெண்டன். அதை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் யூயிங். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்க நகரங்களில் ஒரு புதுப் பழக்கம் பரவியது. கையில் நாலு காசும் வாசலில் ஒரு காரும் உள்ளவர்கள், நகரத்து நெரிசலை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். டிரெண்டன் நகரத்து யூதக் குடும்பங்களும் அப்படிப் போகத் தொடங்கின. அவர்களுக்கு நகரத்தில் ஒரு சமூக நிலையம் இருந்தது. அதையும் யூயிங்குக்குக் கொண்டுபோய், விசாலமாக, தோட்டமும் துரவுமாக அமைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தைகளுக்கு ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்றார்கள்.

குளத்துக்கு ஏன் இத்தனை அவசரம்? அந்த நாளில் அமெரிக்காவின் பல தனியார் கிளப்புகளில் யூதர்களுக்கு இடம் கிடையாது. வாசலில் பலகை எழுதி மாட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மேஜையிலேயே உறங்கிவிடும். நீக்ரோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு மக்களுக்கோ, பல ஊர்களில் பொதுக் குளத்தின் வாசலே அடைத்துக் கிடந்தது. ஒரே தெருவில் நடக்கலாம், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யலாம். ஒரே தண்ணீரில் இறங்குவது என்று வரும்போது மட்டும் மனிதனுடைய மனம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. குளங்களின் சரித்திரத்தைப் படிக்கிறவர்களுக்கு இது எந்த நாட்டிலும் புதிதாகத் தோன்றாது.

ஆகவே, தங்களுக்கென்று ஒரு குளம் வெட்டிக்கொள்வது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. தங்கள் குழந்தைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தண்ணீரில் குதிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை. 1955ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில் பிலடெல்பியாவிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். அவர் பெயர் லூயி கான்.

இன்று அந்தப் பெயரைக் கேட்டால் கட்டடக் கலை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அன்று அப்படி இல்லை. கான் 1901இல் ரஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்தவர். பிறந்த பகுதி இன்று எஸ்டோனியா. சிறு குழந்தையாக இருந்தபோது, கனன்று கொண்டிருந்த நிலக்கரியின் நிறத்தில் மயங்கி அதை எடுத்துவிட்டார். துணியில் தீப்பற்றி முகத்தில் தழும்பு விழுந்தது. அந்தத் தழும்பு ஆயுள் முழுவதும் இருந்தது; வெளிச்சத்தின் மேல் இருந்த மயக்கமும் அப்படியே இருந்தது. 1906இல் குடும்பம் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தது. வறுமை. படிக்கிற காலத்தில் மௌனப் படக் கொட்டகைகளில் வாத்தியம் வாசித்துச் சம்பாதித்தார். 54 வயதில் அவர் பேர் சொல்லும்படியாக இருந்த பெரிய கட்டடம் யேல் சர்வகலாசாலையின் ஓவியக்கூடம் ஒன்றுதான். அது 1953இல் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த வேலைகளில் ஒன்றுதான் இந்த உடை மாற்றும் அறைகள்.

வேறு ஒருவராக இருந்தால், "இதுவும் ஒரு வேலையா?" என்று உதவியாளரிடம் தள்ளியிருப்பார். கான் உட்கார்ந்து யோசித்தார்.

நாமும் சற்று யோசித்துப் பார்க்கலாம். உடை மாற்றும் அறை என்பது விசித்திரமான இடம். மனிதன் தன் அந்தஸ்தைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுகிற இடம் அது. வக்கீலும் பால்காரரும் உள்ளே போனால் சில நிமிஷங்களுக்கு இரண்டு ஜோடிக் கால்கள்தான். எல்லோருக்கும் கூச்சம் உண்டு; தடித்த உடம்புக்காரருக்கும் உண்டு, பதினான்கு வயதுப் பையனுக்கும் உண்டு. உலர்ந்த கால்கள் ஒரு பக்கமிருந்து வரும். ஈரக் கால்கள் எதிர்ப்பக்கமிருந்து வரும். தரை எப்போதும் வழுக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும். காற்றுக்காக ஜன்னல் வைத்தால் அதன் வழியாக யாராவது எட்டிப் பார்ப்பார்கள். மரக் கதவு போட்டால் ஈரத்தில் உப்பிக்கொள்ளும்; இரும்புக் கதவு போட்டால் துருப்பிடிக்கும். சுருக்கமாகச் சொன்னால், காற்று வேண்டும், கண் வேண்டாம். நாலு சுவரும் நாலு ஆணியும் இந்தச் சிக்கலை அவிழ்க்க மாட்டா.

கானின் முதல் வரைபடங்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. அவருடைய அலுவலகத்தில் ஆன் டிங் என்ற பெண்மணி வேலை பார்த்துவந்தார். சீனாவில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்து, ஹார்வர்டில் கட்டடக் கலை படித்த முதல் பெண்களில் ஒருவர். சதுரம், முக்கோணம் என்று வடிவங்களின் கணிதத்தில் அவருக்கு அபார ஞானம். ரோமாபுரியில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவர் வந்து சேர்ந்த பிறகு திட்டம் உருமாறியது. அந்த மாற்றத்தில் அவருடைய பங்கு பெரிது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். வெகுகாலம் வரை ஒப்புக்கொள்ளாமல்தான் இருந்தார்கள். கட்டடங்களில் அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாததைப்போல, பெரிய மனிதர்களின் அலுவலகத்தில் சிலர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடைசியில் உருவான திட்டம் இதுதான். கூட்டல் குறியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் நாலு பக்கமும் நாலு சதுர மண்டபங்கள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, ஒன்று கூடைகள் வைக்க, ஒன்று குளத்துக்கு ஏறிப் போகிற வழி. கூடை என்றதும் வியக்க வேண்டாம். அந்நாளைய குளங்களில் கழற்றிய உடையை ஒரு கூடையில் போட்டுக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அடையாள எண்ணை வாங்கிக்கொண்டு குளிக்கப் போவார்கள்.

ஒவ்வொரு மண்டபத்துக்கும் பிரமிட் போல மரக் கூரை. ஒவ்வொரு மூலையிலும் 8 அடிச் சதுரத்தில் ஒரு தூண். கூரை அந்தத் தூண்களின்மேல்தான் நிற்கிறது, சுவர்களைத் தொடவில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி. அதன் வழியாக வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும். எந்தக் கண்ணும் வர முடியாது.

இனிமேல்தான் விசேஷம். அந்தத் தூண்கள் கனத்த தூண்கள் அல்ல, உள்ளே வெற்றிடம். 8 அடி அகலமுள்ள தூண் என்றால் அதற்குள் ஒரு சின்ன அறையே இருக்கலாம் அல்லவா? சில தூண்களுக்குள் கழிவறை வைத்தார். சிலவற்றில் தட்டுமுட்டுச் சாமான்களும் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஏற்பாடும் புகுந்துகொண்டன. சில தூண்களை வாசலாகவே ஆக்கிவிட்டார். உள்ளே நுழைகிறவர் தூணுக்குள் புகுந்து, ஒரு திருப்பம் திரும்பி, மறுபக்கம் வெளியே வர வேண்டும். நேர்ப் பார்வை எங்கும் கிடையாது. ஆகவே கதவும் கிடையாது. உப்பிக்கொள்ள மரம் இல்லை, துருப்பிடிக்கக் கீல் இல்லை, குழந்தையின் விரல் நசுங்க வழி இல்லை.

இதற்கெல்லாம் பளிங்கும் தேக்கும் செலவாகவில்லை. கார் கொட்டகைக்கும் கிடங்குக்கும் அடுக்குகிற சாதாரண சிமெண்டுக் கற்கள்தாம். மேலே பூச்சுகூடக் கிடையாது. 1955 ஜூலை முடிகிற தறுவாயில் கட்டடம் திறக்கப்பட்டது. கோடையில் பாதி போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த பாதியில் குழந்தைகள் குதித்துத் தீர்த்தார்கள்.

கானுக்கு அந்தச் சின்ன வேலையில் ஒரு பெரிய உண்மை அகப்பட்டது. எந்தக் கட்டடத்திலும் சேவை பெறும் இடம், சேவை செய்யும் இடம் என்று இரண்டு உண்டு. கூடம் ஒன்று; அந்தக் கூடத்துக்காக உழைக்கிற குழாய், படிக்கட்டு, கழிவறை, காற்று வழி என்பவை வேறு. மற்றவர்கள் இந்த உழைக்கும் இடங்களைச் சுவரின் சந்துபொந்துகளில் ஒளித்துவைத்தார்கள். கான் அவற்றுக்கு உருவமும் இடமும் மரியாதையும் கொடுத்தார். கூரையையே அவற்றின் தோளில் ஏற்றினார். பின்னால் பிலடெல்பியாவில் அவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடத்தின் கோபுரங்கள் இந்த எண்ணத்தில் எழுந்தவைதாம். அந்தக் கட்டடம் அவரை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. தம்மைத் தமக்கே காட்டிக்கொடுத்தது டிரெண்டன் குளத்து அறைகள்தாம் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

சமூக நிலையத்தின் பிரதானக் கட்டடத்தையும் கான் கட்டியிருக்க வேண்டும். பல வரைபடங்கள் போட்டார். ஒன்றும் எழும்பவில்லை. கமிட்டிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. மேதைகளோடு கமிட்டிகள் குடித்தனம் நடத்துவது கஷ்டம். கமிட்டிகளோடு மேதைகள் குடித்தனம் நடத்துவது அதைவிடக் கஷ்டம். 1957இல் குழந்தைகளின் கோடை முகாமுக்காக நாலு சிறு கொட்டகைகள் போட்டதோடு அவருடைய தொடர்பு முடிந்தது. பெரிய கட்டடத்தை வேறு நிறுவனம் கட்டியது.

பிறகு வருஷங்கள் ஓடின. திறந்தவெளிக் குளத்தின் அறைகளுக்கு முதுமை சீக்கிரம் வரும். கோடையில் ஈரமும் குளோரினும் அரிக்கும். குளிர்காலத்தில் கல்லின் நுண்துளைக்குள் நுழைந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து விரியும். கல் செதில் செதிலாக உதிரும். ஒன்பது மாதம் ஆளற்றுக் கிடக்கும்; மூன்று மாதம் ஆட்கள் மொய்ப்பார்கள். வசூல் குறைகிற நிர்வாகம் முதலில் கைவைப்பது ரிப்பேர்ச் செலவில்தான். கூரை ஒழுகினால் ஒரு தகரம். சுவர் கறுத்தால் ஒரு கோட்டுப் பெயிண்ட். இப்படித்தான் நல்ல கட்டடங்கள் சாகின்றன. இடி விழுந்து சாவது அபூர்வம்.

1984இல் அமெரிக்க தேசியச் சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் இந்தக் குளத்து அறைகள் இடம் பெற்றன. கௌரவம்தான், ஆனால் கௌரவம் கூரையை அடைப்பதில்லை. இதற்குள் அந்த யூதக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை இன்னும் தொலைவுக்குக் குடிபோய்விட்டது. நிலத்தை விற்றுவிட முடிவு செய்தார்கள். இடித்துத் தள்ளிவிட்டு வீடுகள் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? கட்டடக் கலையை நேசித்தவர்கள் கலங்கிப்போனார்கள்.

நல்லவேளையாக, 2006-07இல் மெர்ஸர் ஜில்லா நிர்வாகம் குறுக்கிட்டு இடத்தை வாங்கியது. பிறகு அது யூயிங் ஊராட்சியின் கைக்கு வந்தது. கிளப்புகள் வாசலை அடைத்த காலத்தில் ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்காக அமைத்துக்கொண்ட குளம், இப்படி ஊருக்கே பொதுக் குளம் ஆயிற்று. இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

இப்போது ஊராட்சிக்கு முன்னால் நண்பரின் கேள்வி வந்து நின்றது. பழைய அறைகளைச் செப்பனிட எதற்கு ஆர்க்கிடெக்ட்? ஒரு கண்டிராக்டர் போதாதா?

கண்டிராக்டர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் கண்ணுக்கு எல்லாம் ஓட்டையாகவே தெரியும். சுவருக்கும் கூரைக்கும் இடைவெளி இருக்கிறதா? அடைத்துவிடலாம். வாசலுக்குக் கதவு இல்லையா? போட்டுவிடலாம். முற்றத்தில் மழை விழுகிறதா? கண்ணாடி போட்டு மூடிவிடலாம். எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும். வேலை முடிகிறபோது கானின் கட்டடம் அங்கே இராது. எது சேதம், எது யோசித்துச் செய்த வெறுமை என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பழைய கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்டை அமர்த்துவது புதிதாக எதையாவது செய்வதற்காக மட்டும் அல்ல. எதைச் செய்யக் கூடாது என்று சொல்வதற்காகவும்தான்.

அந்த வேலைக்குப் பழைய கட்டடங்களைப் பேணுவதில் பேர்பெற்ற ஃபேர்வெல் மில்ஸ் காட்ச் என்ற நிறுவனம் வந்தது. தலைமை வகித்தவர் மைக்கேல் மில்ஸ். கானுடைய வரைபடங்கள் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் பத்திரமாக இருந்தன. பழைய புகைப்படங்களும் இருந்தன. கூரைகளைச் சீர்செய்தார்கள். சிதைந்த சிமெண்டுக் கற்களைச் செப்பனிட்டார்கள். நுழைவாயிலில் கான் தீட்டியிருந்த சுவர்ச் சித்திரம் மங்கி மறைந்திருந்தது. அதைத் திரும்பத் தீட்டினார்கள். சிற்றுண்டிக்கு ஓர் இடம் வேண்டும் என்றபோது, அதைப் பழைய மண்டபங்களோடு ஒட்டவைக்காமல் தனியே கட்டினார்கள்.

சங்கடங்களும் இருந்திருக்கும். 1955இல் சக்கர நாற்காலியில் வருகிறவரைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படவில்லை. 1990இல் வந்த அமெரிக்கச் சட்டம் கவலைப்பட்டே தீர வேண்டும் என்கிறது. தூணுக்குள் திரும்பிப் போகிற வழி கூச்சத்துக்கு நல்லது. சக்கரத்துக்கு நல்லது அல்ல. இப்படிப்பட்ட இடங்களில் பழையதா, புதியதா என்று ஒரு கட்சியில் சேர்ந்துவிட முடியாது. கட்டடம் அழகாக இருப்பதற்காக ஒரு மனிதர் வெளியே நிற்க வேண்டும் என்றால், அந்தக் குளம் எதற்காக வெட்டப்பட்டதோ அதையே மறந்ததாகும்.

2010இல் வேலை முடிந்தது. ஆன் டிங் அப்போது உயிரோடு இருந்தார், வயது 90. அடுத்த வருஷம் காலமானார்.

கானுடைய முடிவையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் நம் தேசத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது 1962இல். ஆமதாபாதில் நிர்வாகக் கல்விக்கான இந்தியன் இன்ஸ்டிட்யூட்டைச் செங்கல்லால் கட்டிக்கொடுத்தவர் அவரே. டாக்காவின் சட்டசபை மாளிகையும் அவர் திட்டந்தான். 1974 மார்ச் 17ஆம் தேதி, ஆமதாபாதிலிருந்து திரும்புகிற வழியில், நியூயார்க் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் கழிவறையில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 73. குடும்பத்துக்குச் செய்தி எட்டுவதற்குள் உடல் பிணக்கிடங்கில் சில நாள் அநாதையாகக் கிடந்தது. அந்த நிலையத்தில் ஒரு காலத்தில் பிரம்மாண்டமான தூண்களோடு ஒரு மாளிகை நின்றது. 1963இல் அதை இடிக்கத் தொடங்கி, ரயில் நிலையத்தைப் பூமிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். மனிதர்கள் குளிக்கிற, உடுக்கிற, ஒதுங்குகிற இடங்களுக்கும் மரியாதை உண்டு என்று காட்டியவர், அப்படிப்பட்ட மரியாதை எதுவும் இல்லாத ஓர் இடத்தில் கண்ணை மூடினார்.

ஆமதாபாதில் அவர் கட்டிய நூலகத்தை பிருந்தா சோமையாவின் நிறுவனம் பரிவோடு புதுப்பித்தது. 2019இல் யுனெஸ்கோ அதற்கு விருது அளித்தது. அடுத்த வருஷமே, அதே வளாகத்தின் 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உலகெங்கும் ஆட்சேபம் எழுந்ததும் 2021 ஜனவரி 1ஆம் தேதி அறிவிப்பை வாபஸ் பெற்றார்கள். 2022இல் பழைய கட்டடங்களை மீட்பதைவிடப் புதிதாகக் கட்டுவதே வழி என்ற பேச்சு திரும்பவும் வந்தது. செங்கல் உதிர்கிறது, மாணவர்களுக்கு ஆபத்து என்பது நிர்வாகத்தின் கட்சி. அதை அலட்சியம் செய்யவும் முடியாது. ஆனால் நியூஜெர்ஸியில் ஒரு சின்ன ஊராட்சி, ஈரத் துணி பிழிகிற அறைகளுக்காகக் காட்டிய பொறுமையை நினைக்கும்போது, நமக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

கதையைக் கேட்ட நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் நாலு சுவர், ஒரு கதவு, நாலு ஆணி என்றேன். அந்த மனிதர் கதவை எடுத்துவிட்டார். ஆணிக்குப் பதில் கூடை என்றார். சுவர்மேல் கூரையும் நிற்கவில்லை என்கிறீர். பின்னே அவர் என்னதான் கட்டினார்?" என்று கேட்டார்.

"உடை மாற்றுகிறவனுக்குக் கூச்சம் இல்லாத ஓர் இடத்தைக் கட்டினார்" என்றேன்.

"அதற்குத்தான் ஆர்க்கிடெக்டா? சரி, வைத்துக்கொள்ளட்டும்" என்று நண்பர் அனுமதி கொடுத்துவிட்டார்.